மெர்லோ கலந்த வருஷம்

"அம்மா, யாருமே தொடலன்னா இது கடைசியில என்னவா ஆகும்?"

லோரியானா இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. நொதித்துக்கொண்டிருந்த தொட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, கறுத்துப் பொங்கி வரும் திராட்சைத் தோல்களைப் பார்த்தபடி கேட்டாள். நீவெஸ் மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஒயினாகும். வேறென்ன?" என்றாள். மறுபக்கம் நின்று நீண்ட மரக்கோலால் தோல்களை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்த தூயிலியோ மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து அமுக்கத் தொடங்கினான்.

இத்தாலிய மலையூரான பொஜ்ஜோ செக்கோவில் அவர்கள் இருவரையும் 'சாமியார் மடம்' என்று கேலி பேசுவார்கள். ஒயினில் கடையில் வாங்கிய ஈஸ்ட் போடுவதில்லை. கந்தகம் போடுவதில்லை. வடிகட்டுவதும் இல்லை. கொடிகளுக்கு இடையில் மொச்சை விதைத்து, அது பூத்ததும் மண்ணோடு புரட்டிவிடுவார்கள். சாஞ்சோவேசே தோல் மெலிந்த திராட்சை. அக்டோபர் மழை நாலு நாள் நின்று பெய்தால் போதும், வெடித்து அழுகிவிடும். அப்படிப்பட்ட பழத்தை வைத்துக்கொண்டு இந்த விரதம் எதற்கு என்று ஊருக்கு விளங்கவில்லை. புட்டியில் ஒட்டும் சீட்டில் தூயிலியோ தன் கையால் எழுதிய வரி ஒன்று அச்சாகியிருக்கும்: 'சாஞ்சோவேசே. வேறொன்றும் இல்லை.'

நீவெஸுக்கு அந்த வரியில் பெருமை அதிகம். வேண்டுமளவைவிடக் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். கேட்பவர்களிடம், "நாங்க ஒண்ணுமே செய்யறதில்ல. அது தன்னைத் தானே பார்த்துக்கும்" என்பாள்.

லோரியானா வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பிறகு ஒரு வருஷம், அறுவடை நன்றாகத்தான் முடிந்தது. புது ஒயினைப் பிழிந்து, நிலவறையில் இருந்த மூன்று பெரிய பீப்பாய்களில் ஏற்றினார்கள். அடுத்து ஒலிவக் காய் பறிப்பு. நவம்பர் மூடுபனியில் ஏணி மேல் நின்றிருந்த தூயிலியோ, "நீவெஸ், வலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழு" என்று சொல்ல வாயெடுத்தவன், 'நீவெஸ்' என்பதோடு நின்றுவிட்டான். ஏணியிலிருந்து விழவில்லை. ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து இறங்கி, வலையில் கிடந்த காய்களின் மேல் உட்கார்ந்தான். வலது பக்க உதடு தொங்கிப் போயிருந்தது.

சியேனா ஆஸ்பத்திரியில் அவன் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. எதையும் சரியாக விழுங்க முடியவில்லை. தண்ணீரைக்கூட மாவு கலந்து கூழாக்கிக் கரண்டியில் ஊட்டினார்கள். நீவெஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த கன்னியர் மடத்து விடுதியில் தங்கிக்கொண்டாள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செபமாலை சொல்வாள். பிராத்தோ நகரில் வேலை பார்க்கும் லோரியானா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

"வீட்டைப் பத்திக் கவலைப்படாதம்மா. கோழியை நான் வர்றப்ப பார்த்துக்கறேன், மத்த நாள் ரொட்டிக்கடைக்காரி பார்த்துக்கறேன்னு சொன்னா. ஒயின்?"

"ஒயினுக்கு என்ன? அது தன்னைத் தானே பார்த்துக்கும்."

சொன்னவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இத்தனை வருஷம் சொல்லி நாக்குக்குப் பழகிய வாக்கியம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பாதி கடந்திருக்கும். ஒரு நாள் மதியம் தாதி வந்து தூயிலியோவின் படுக்கையருகே தொங்கிய மருந்துப் பையை மாற்றினாள். பழைய பையில் மருந்து அடிமட்டம் வரை இறங்கியிருந்தது. மேலே வெற்றுக் காற்று. நீவெஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிலவறை நினைவுக்கு வந்தது.

பீப்பாய்கள்.

மரம் ஒயினைக் குடிக்கும். வாராவாரம் கொஞ்சம் குறையும். குறைந்த இடத்தில் காற்று புகும். காற்றுப் பட்ட ஒயின் மேல் வெள்ளை ஏடு படரும். கந்தகம் போட்டவர்களுக்குக் கொஞ்ச நாள் தவணை கிடைக்கும். போடாதவர்களுக்குத் தவணை கிடையாது. அதனால் வாராவாரம் மூடியைத் திறந்து, அதே ஒயினை விளிம்பு வரை ஊற்றி நிரப்பி, மூடியைத் துடைத்து அடிக்க வேண்டும். அந்த வேலையைத் தூயிலியோ சனிக்கிழமை காலையில் செய்வான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. மனைவியிடம் அதைப் பெரிதாகச் சொன்னதும் இல்லை. அவள் ஊருக்கு 'ஒண்ணுமே செய்யறதில்ல' என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவன் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறான்.

மகளுக்கு அன்றைக்குத் தான் சொன்ன பதில் பொய் என்று அவளுக்கு இப்போது உறைத்தது. யாரும் தொடாமல் விட்டால் அது ஒயின் ஆகாது, காடியாகும். அதனால்தான் அவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான்.

அவன் கை பட்ட கடைசி ஒயின் அது. இனி அவன் மரக்கோலைப் பிடிக்கப் போவதில்லை என்று மருத்துவர் நேரடியாகச் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே பஸ் ஏறினாள்.

*

வழியெல்லாம் மூடுபனி. பஸ்ஸை விட்டு இறங்கி மண் பாதையில் ஏறினாள். நிலவறைச் சாவி வாசல் நிலைக்கு மேலே, ஊருக்கே தெரிந்த இடத்தில்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் முதலில் மோந்து பார்த்தாள். கெட்டுப்போகும் ஒயினின் நகப்பூச்சு வாடை அடித்தால் கதை முடிந்தது.

அடிக்கவில்லை. ஈர மரமும் புது ஒயினும்தான் மணத்தன.

முதல் பீப்பாயின் மேல் ஏறி மூடியைத் தட்டிக் கழற்றினாள். ஒயின் விளிம்பு வரை நின்றது. விளக்கொளி அதில் பட்டு அசைந்தது. இரண்டாவதும் நிறைந்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. மூடிகளைச் சுற்றி யாரோ சுத்தமான துணியைச் சுற்றி அடித்திருந்தார்கள். நிரப்புவதற்காகத் தூயிலியோ எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குடுவை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மாதாவே" என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகை அடங்கியதும் கணக்கு இடித்தது. அந்தச் சின்னக் குடுவையில் இருந்தது இவ்வளவுக்குப் போதாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? கண்ணாடிக் குழாயை விட்டு மேல்மட்டத்து ஒயினை உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டுக் குடித்தாள். தீக்குச்சி உரசியதுபோல மூக்கில் ஒரு குத்தல். கந்தகம். அதன் பின்னால் தடித்த, மழுங்கிய ஒரு கறுப்பு ருசி. நிறத்துக்காக மெர்லோ திராட்சையைச் சேர்த்து, சாலையோரக் களிமண் நிலத்தில் ஒயின் செய்கிறவன் இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவன்தான்.

ஃபோஸ்கோ.

ஃபோஸ்கோவும் தூயிலியோவும் ஒன்றாகப் படித்தவர்கள், கோவிலில் ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். அஞ்சு வருஷமாகப் பேச்சில்லை. களைக்கொல்லியைக் காற்று நாளில் அடித்து, தூயிலியோவின் எல்லை வரிசையைக் கருக்கிவிட்டான் என்று ஆரம்பித்த சண்டை. அதில் அதிகம் பேசியது தூயிலியோ அல்ல, நீவெஸ்தான்.

*

ஃபோஸ்கோ அடுப்படியில் உட்கார்ந்து கஷ்கொட்டைகளைக் கீறிக்கொண்டிருந்தான். மனைவி இறந்த பிறகு அவன் தனியாள். கதவு திறந்தேதான் இருந்தது.

"என் நிலவறைக்குள்ள போனது நீதானே?" என்றாள் வாசலிலிருந்தே.

"வணக்கம் நீவெஸ். உள்ள வா, குளிருது. கதவைச் சாத்து."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு வேற வேலை இல்லையா? மடத்துக்குள்ள எல்லாம் நான் போறதில்ல. நான் பாவி."

"என் பீப்பாய்ல கந்தக வாடை அடிக்குது."

"நல்லதுதான். எலி வராது."

"விளையாடாத. மெர்லோ இருக்கு அதுல. நாக்குல தெரியுது."

ஃபோஸ்கோ கத்தியை நிறுத்தி யோசிப்பதுபோல மேலே பார்த்தான். "அப்ப அது புதுமைதான். கானாவூர்ல ஆண்டவர் தண்ணிய ஒயினா மாத்துனாரு. இங்க வந்து மெர்லோவா மாத்தியிருக்காரு. பங்குச் சாமியார்கிட்டச் சொல்லு, சின்னதா ஒரு கெபி கட்டிக் கும்பிடலாம்."

"உன்னை யாரு கேட்டா? ஒரு வார்த்தை... ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? 'இப்படிக் குறைஞ்சு கிடக்கு, என்ன செய்ய'ன்னு?"

"பண்ணியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"'அது தன்னைத் தானே பார்த்துக்கும்'னு சொல்லியிருப்ப" என்றான் அவன், கஷ்கொட்டையைப் பார்த்தபடி. "பார்த்துக்கிட்டிருக்கு போல. எனக்கென்ன தெரியும்?"

"இருபது வருஷமா கந்தகம் படாத பீப்பாய் ஃபோஸ்கோ."

"சரி, கொட்டிடு. மலைப்பக்கமா கொட்டு, என் வாசல் வழியா ஓட விடாத."

நீவெஸுக்கு முகம் சிவந்தது. திரும்பினாள். வாசற்படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அவன் குரல் வேறு மாதிரி வந்தது.

"அவன் சாப்பிடறானா?"

"கரண்டில குடுக்கறாங்க. எல்லாத்தையும் கூழாக்கி. தண்ணியக்கூட."

"தண்ணியக்கூடவா?"

"ம்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு அவன் எழுந்து, கீறி வைத்திருந்த கஷ்கொட்டைகளை ஒரு காகிதப் பையில் அள்ளிப் போட்டு அவள் கையில் திணித்தான். "அந்தக் கன்னியாஸ்திரீங்ககிட்டக் குடு, வேகவச்சுத் தருவாங்க. உனக்குத்தான், அவனுக்கில்ல. போ, பஸ் போயிடும்."

*

ஒரு சின்னப் புட்டியில் அந்த ஒயினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். தாதி அந்தப் பக்கம் போனதும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தூயிலியோவின் உதட்டில் தடவினாள். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நிரப்ப மறந்ததை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவன் நாக்கு உதட்டைத் துழாவியது. கண்ணை மூடினான். இன்னும் ஒரு தரம் வேண்டும் என்று இடது கையால் காட்டினான். அதையும் ருசித்துவிட்டு, வாய் ஒரு பக்கமாக இழுபட, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். சிரிக்கிறான்.

"க...ழுதை" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவன் பேசிய முழு வார்த்தை அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஃபோஸ்கோவைக் கூப்பிடும் பெயர் அது.

"கொட்டிடவா? நீ சொன்னா கொட்டிடறேன்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தலையை இப்படியும் அப்படியும் தலையணையில் உருட்டினான். வேண்டாம். பிடியை அவன் தளர்த்துவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் அவள் ஊருக்குப் பஸ் ஏறினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பீப்பாய்கள் அவள் போவதற்கு முன்பே நிறைந்திருந்தன. துணி மாற்றியிருந்தது. அவள் வெறுமனே மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியை அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவாள்.

*

பிப்ரவரியில், மெழுகுவர்த்தித் திருநாள் முடிந்த வாரத்தில், தூயிலியோ இறந்துபோனான். மழை விடாத வாரம் அது. கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை வழுக்கலாகிக் கிடந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் வலது பக்கம் முன்னால் ஃபோஸ்கோ. வளைவில் அவன் கால் வழுக்கியது. முட்டி தரையில் இடித்தது. பெட்டி மட்டும் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. ஏதோ கிழிந்ததுபோல ஒரு முனகல் கேட்டது. அப்படியே எழுந்து நடந்தான். குழியருகே பெட்டியை இறக்கிய பின் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, முகம் வெளுத்து, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அடக்கம் முடிந்த சில நாளில் லோரியானா அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து ஒயின் பேச்சை எடுத்தாள். விற்பனையைப் பார்ப்பவள் அவள்தான். மேசை மேல் உப்பில்லாத ரொட்டியும் பீன்ஸ் சூப்பும் ஆறிக்கொண்டிருந்தன.

"மிலான்ல நம்மகிட்ட வாங்கற கடைக்காரங்க கேட்டாங்கம்மா. அப்பா போனது தெரிஞ்சும் கேட்டாங்க. எத்தனை புட்டி வரும்னு."

"ஒண்ணும் வராது."

"ஏன்? ஒயின் நல்லா இருக்கு. நான் குடிச்சுப் பார்த்தேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா 'வேறொன்றும் இல்லை'ன்னு சீட்டு ஒட்ட முடியாது. மெர்லோ இருக்கு. கந்தகம் இருக்கு."

"எவ்வளவு? ஒரு பீப்பாய்க்கு ரெண்டு குடுவை இருக்குமா? யாருக்கும்மா தெரியும்?"

"உங்கப்பா நாக்குல பட்டதுமே சொன்னாரு."

"அப்பா இல்லையேம்மா!" சொன்ன பிறகு லோரியானாவே வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "சரி. வேற சீட்டு அடிப்போம். அந்த வரி இல்லாம" என்றாள்.

"அந்த வரி இல்லன்னா அவங்க வாங்க மாட்டாங்க. வாங்குறதே அந்த வரியைத்தான். நம்மள நம்பி இல்ல."

"அப்ப இந்த வருஷம் என்ன செய்யப் போற? காத்தைக் குடிப்பியா?"

"குடுவையில ஊர்க்காரங்களுக்குக் குடுப்போம். சாப்பாட்டுக்கடைக்குக் குடுப்போம். மெர்லோ இருக்குன்னு சொல்லியே குடுப்போம்."

"பாதி விலைகூட வராது. அப்பாவோட கடைசி ஒயின்மா இது. சாப்பாட்டுக்கடையில எண்ணெய்க் கையோட குடிக்கிறதுக்கா?"

நீவெஸ் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டு, கரண்டியால் அமுக்கினாள். "உங்கப்பா எழுதுனதுல அது ஒண்ணுதான் அச்சாகியிருக்கு. அதைப் பொய்யாக்கிட்டு நான் எப்படிம்மா செபம் சொல்றது?"

லோரியானா கோபத்தில் எழுந்து வெளியே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வெகுநேரமாக அவள் வராததால் நீவெஸ் போய்ப் பார்த்தாள். கொட்டகையில் மகள் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டு, பழைய குடுவைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டேதான் கழுவினாள். நீவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த குடுவையை எடுத்தாள்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். மெர்லோ கலந்திருக்கிறது என்று சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "இதைத்தானே நாங்க எப்பவும் குடிக்கிறோம்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. கூடுதலாக ஒரு குடுவை வாங்கிப் போனாள். ஃபோஸ்கோ மட்டும் வரவில்லை.

*

மார்ச் தொடக்கத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது நீவெஸ் அவனை மடக்கினாள். இடது கையைக் கோட்டுப் பையில் செருகியிருந்தான்.

"தோள் எப்படி இருக்கு?"

"தோளா? கழுத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு."

"மேல் நிலம் இன்னும் கவாத்து ஆகலையாமே. ரொட்டிக்கடையில பேசிக்கிட்டாங்க."

"இந்த வருஷம் தாமதமா வெட்டறேன். தாமதமா வெட்டுனா பின்பனிக்குத் தப்பும். உனக்குத் தெரியாதது இல்ல."

"ஆள் வச்சுக்கலாமே."

"என் கொடியில இன்னொருத்தன் கத்திரி வைக்கறதா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் வலியாக மாறி முகம் கோணியது. "பையன் பிடுங்கி எறிஞ்சிடுன்னு சொல்றான். 'ஒலிவ வச்சா வேலை இல்ல'ன்னு. சொல்லிட்டுப் போறான். நீ போ, உன் கோழி காத்திருக்கும்."

அவள் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் மறுத்திருப்பான். மறுத்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சூசையப்பர் திருநாளுக்கு மகன் வந்து அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். தோளை மருத்துவரிடம் காட்டிவிட்டு அந்த வாரக் கடைசியில்தான் கொண்டுவந்து விடுவான் என்று ரொட்டிக்கடைக்காரி சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் நீவெஸ் கத்திரியையும் கொடியை இழுத்துக் கட்ட ஒரு கட்டு வில்லோ மரக் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு, சாலையை விட்டு ஓடைப்பக்கமாக ஏறினாள். ஃபோஸ்கோவின் மேல் நிலம் காட்டைப் பார்த்து இருந்தது. ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. கொடிகள் போன வருஷத்துத் தலைமுடியோடு சிக்குப் பிடித்து நின்றன. அடிமண் களைக்கொல்லி பட்டு வழுக்கையாகக் கிடந்தது. பழைய நாளாக இருந்தால் அவள் வாய் சும்மா இருந்திருக்காது.

முதல் கொடியைப் பிடித்தாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. குட்டையாக, இரண்டு மொட்டுக் கண் விட்டு, எல்லாக் குச்சியையும் நறுக்கிப் போட்டது. நிமிர்ந்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இது அவளுடைய வெட்டு. ஃபோஸ்கோ அப்படி வெட்ட மாட்டான். ஒரு நீளக் குச்சியைக் கண்களோடு விட்டு, அதை வில்லாக வளைத்துக் கீழ்க்கம்பியில் கட்டுவான். நீளமாக விட்டால் கொடி சீக்கிரம் கிழடாகும் என்பது நீவெஸின் கட்சி. இதைப் பற்றியும் முன்பு சண்டை நடந்திருக்கிறது.

வெட்டியதை ஒட்ட முடியாது. விழுந்த குச்சிகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

பிறகு அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். இந்த முறை நிதானமாகப் பார்த்து, நல்ல நீளக் குச்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து விட்டு, மற்றவற்றை வெட்டினாள். மெதுவாக, ஒடிந்துவிடாமல், விரல்களால் நெளித்து நெளித்து வளைத்தாள். வில்லோக் குச்சியால் கட்டி முறுக்கினாள். அவன் கட்டுவதுபோலவே முடிச்சைச் சூரியன் விழும் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்கடுத்த கொடி. அதற்கும் அடுத்தது. மழை தூறினால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டாள். மதியம் ரொட்டியும் வெங்காயமும். அதே போல மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். வெட்டிய குச்சிகளை அவன் எரிப்பதற்குத் தோதாக வரிசைக் கடைசியில் கட்டுக் கட்டாகக் குவித்தாள். தன் நிலமாக இருந்தால் நறுக்கி மண்ணிலேயே போட்டிருப்பாள். கடைசி வரிசைக்கு வந்தபோது வெட்டிய இடங்களில் நீர் துளிர்க்க ஆரம்பித்திருந்தது. மண் விழித்துக்கொண்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கொடி இளகி, மொட்டு கையோடு உதிர்ந்திருக்கும்.

வேலை முடிந்ததும் நிலம் முழுவதையும் ஒரு தரம் பார்த்தாள். எல்லாம் ஃபோஸ்கோவின் கை வெட்டியதுபோலவே வளைந்து நின்றது, அந்த முதல் கொடியைத் தவிர. அது மட்டும் குட்டையாக, மொட்டையாக, முதல் வரிசைத் தொடக்கத்திலேயே நின்றது. அவன் கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடம். பார்த்த மாத்திரத்தில் யார் கத்திரி என்று தெரிந்துவிடும். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். எனக்கு வேற வேலை இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கீழே சாலையில் கார் ஏறும் சத்தம் கேட்டது. கத்திரியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, வந்த வழியே ஓடைக்குள் இறங்கினாள். தண்ணீர் காலணிக்குள் புகுந்து குளிர்ந்தது. சத்தம் வீட்டு வாசலில் போய் நிற்கும் வரை ஒரு பாறையோரம் ஒதுங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, தலை குனிந்து காத்திருந்தாள்.